போர்டு இல்லாத பழைய புக் கடையும் அங்க வாங்குன சேம்பர்ஸ் டிக்‌ஷனரியும்: சேலத்துல இருந்து ஒரு ரிவ்யூ

வாங்குன அன்னைக்கே ரிவ்யூ போடக்கூடாதுன்னு மூணு மாசம் தினமும் வெச்சு வேலை பாத்துட்டுதான் எழுதுறேன். பொருள், சேம்பர்ஸ் ட்வென்டியத் செஞ்சுரி டிக்‌ஷனரி, 1972ல வந்த எடிஷன், செகண்ட் ஹேண்ட், 450 ரூபா. கடை, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு சந்துக்குள்ள, போர்டு கிடையாது, வாசல்ல கயித்துல கட்டுன பத்தாங்கிளாஸ் கைடு கட்டு கட்டா இருக்கும், அதான் அடையாளம். ஸ்போக்கன் இங்கிலீஷ், எக்ஸாம் மாதிரி விஷயத்துக்கு டிக்‌ஷனரி தேடுறவங்களுக்கு இது வேண்டாம், சின்னதா புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க. ஆனா வீட்டுல பழைய இங்கிலீஷ் பத்திரம் இருக்கு, தாத்தா காலத்து லெட்டர் இருக்கு, பழைய இங்கிலீஷ் பைபிள் படிக்கிறீங்க, கோர்ட் பேப்பர் டைப் பண்றீங்கன்னா முழுசா படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

நான் அஸ்தம்பட்டி பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ், டிரான்ஸ்லேஷன் ஜாப் ஒர்க் பண்றேன். டைப்ரைட்டிங் பரீட்சை லோயர் ஹையர் ரெண்டு மொழியிலயும் முடிச்சு பதினெட்டு வருஷம் ஆச்சு, பத்திரம் எத்தனை அடிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. அதனால ஏற்காட்டுல இருந்து ஒரு குடும்பம் காப்பித்தோட்டத்து பழைய குத்தகை பத்திரத்தை எடுத்துட்டு வந்து, இதை தமிழ்ல எழுதிக் கொடுங்க, பாகப்பிரிவினை பேச்சு நடக்குது, வீட்டுல மூத்தவங்க எங்க ஆயாதான், அவங்க தமிழ் மட்டும்தான் படிப்பாங்க, அவங்களே படிச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்து போடுவேன்னு நிக்கிறாங்கன்னு சொன்னப்ப, ரெண்டு நாள்ல தர்றேன்னு தைரியமா வாங்கி வெச்சுட்டேன்.

பேப்பர் நூத்தம்பது வருஷத்துக்கு கிட்ட பழசு. மை காப்பிக்கொட்டை கலர்ல மங்கிப் போயிருக்கு, மடிப்புல எல்லாம் ஓட்டை. ஏற்காடு இருக்கிற ஷேர்வராயன் மலையில காப்பி வந்ததே 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துலதான், அப்புறம்தான் தோட்டம் தோட்டமா வெள்ளைக்காரங்க எடுத்தாங்க, அந்த வழியில கைமாறி வந்த பத்திரம். கையெழுத்து அழகுதான், ஆனா ரெண்டு எஸ் சேந்து வர்ற இடத்துல எல்லாம் முதல் எஸ் நீளமா எஃப் மாதிரி கீழ இறங்கி நிக்கும், அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுவாங்களாம். லெஸ்ஸி எல்லாம் லெஃப்ஸி மாதிரி தெரியுது. அதை எல்லாம் பழகிட்டேன், ஒரு மணி நேரத்துல கண்ணு புடிச்சுக்கும். மோசம் பண்ணது எழுத்து இல்ல, சொல்லுதான். தெரியாத சொல்லு வந்தா நின்னு பாப்போம், ஆனா தெரிஞ்ச சொல்லு மாதிரியே இருக்கிற வேற சொல்லு வந்தா கண்ணு நிக்காது, தெரிஞ்சதையே படிச்சுட்டு போய்டும். எனக்கு அதுதான் நடந்துச்சு.

முதல் இடம், மெசேஜ். எம் ஈ எஸ் எஸ், அடுத்து யூ, அப்புறம் ஏ ஜி ஈ. நடுவுல அந்த ஒரே ஒரு யூ. நான் டைப் பண்ணும்போதே போன் கீபோர்டு அந்த யூவைத் தூக்கிட்டு மெசேஜ்னு மாத்திடுச்சு, நானும் பழைய ஸ்பெல்லிங் போலன்னு விட்டுட்டேன், தகவல்னு எழுதினா வாக்கியமே நிக்கலையேன்னு ஏதோ அறிவிப்புன்னு ஒப்பேத்தினேன். உண்மையில அது வேற சொல்லு, மெஸ்விஜ்னு படிக்கணும், குடியிருக்கிற வீடும் அதோட சேந்த கொட்டகை, தொழுவம், சுத்தி இருக்கிற நிலமும்னு அர்த்தம். ஃப்ரெஞ்சுல வீடு குடித்தனத்துக்கு இருந்த ஒரு சொல்லுல இருந்த என் எழுத்தை யூன்னு யாரோ தப்பா படிச்சு, அப்படியே நிலைச்சிருக்கணும்னு சொல்றாங்க. ஏன்னா கையெழுத்துல என்னும் யூவும் ஒண்ணு போலத்தான் இருக்கும். அதாவது அந்தச் சொல்லு பொறந்ததே ஒரு எழுத்தை மாத்திப் படிச்சதுல, நான் அதை இன்னொரு தடவை மாத்திப் படிச்சிருக்கேன். தோட்டத்து பங்களாவும் கொட்டகையும் குத்தகையில சேர்த்தியா இல்லையாங்கிறதே அந்த ஒரு சொல்லுலதான் இருக்கு, நான் அதைக் காணாம அடிச்சுட்டேன்.

ரெண்டாவது, டிமைஸ். பேப்பர்ல செய்தியில எல்லாம் இறந்துட்டாருன்னு சொல்ல இந்தச் சொல்லைத்தான் போடுவாங்க. பத்திரத்துல நிலத்தை இதன் மூலம் டிமைஸ் செய்கிறோம்னு வருது. நல்லவேளை நிலம் இறந்துச்சுன்னு எழுதல, யாரோ இறந்த பின்னாடி நிலம் போய்ச் சேருதுன்னு நினைச்சு உயில் மாதிரி எழுதி வெச்சுட்டேன். ஆனா அது குத்தகைக்கு விடுறது, உரிமையை கைமாத்தி விடுறது. முதல் அர்த்தமே அதுதானாம், ராஜா செத்தா பட்டம் அடுத்தவருக்கு கைமாறுதுல்ல, அந்தக் கைமாறலைச் சொல்லிச் சொல்லி கடைசியில சாவையே சொல்ற சொல்லா ஆயிடுச்சு. கூடவே டிவைஸ்னு இன்னொண்ணு, கடைசியில எஸ் ஈ போட்டா உயில் மூலமா நிலத்தை எழுதி வெக்கிறது, சி ஈ போட்டா இன்னைக்கு நம்ம கையில இருக்கிற போன், கருவி. எம்முக்கு வி, எஸ்ஸுக்கு சி, ஒவ்வொரு எழுத்துதான் வித்தியாசம், ஒண்ணு குத்தகை, ஒண்ணு உயில், ஒண்ணு எலக்ட்ரானிக்ஸ் கடை.

மூணாவதுதான் நெஞ்சைப் பிசைஞ்சது. லெட். மூணே எழுத்து, யூகேஜி புள்ளைக்கும் தெரிஞ்ச சொல்லு. குத்தகைக்காரர் தோட்டத்தை வித்தவுட் எனி லெட், அதாவது எந்த லெட்டும் இல்லாம அனுபவிக்கலாம்னு ஒரு ஷரத்து. லெட்னா அனுமதின்னுதானே நமக்குத் தெரியும், அதனால 'யாதொரு அனுமதியும் இல்லாமல் அனுபவித்துக் கொள்ளலாம்'னு எழுதினேன். டைப் அடிச்சு பிரிண்ட் எடுத்து, வழக்கமா சரி பாக்கிற சீனியர் வக்கீல் ஐயாகிட்ட கொடுத்தேன். அவரு கண்ணாடியை நெத்தியில தூக்கி விட்டுட்டு ரெண்டு தடவை படிச்சாரு.

"ஏம்மா, இந்த லெட் அனுமதி இல்லம்மா, தடை. யாரும் தடுக்காம அனுபவிக்கலாம்னு எழுதியிருக்கான். நீ யாரையும் கேக்காம அனுபவிக்கலாம்னு எழுதியிருக்க. தலைகீழா இருக்கு பாரு. வீட்டுக்குப் போய் உன் பாஸ்போர்ட்டை எடுத்து முதல் பக்கத்தைப் படி."

போய் எடுத்தேன். நம்ம இந்தியா பாஸ்போர்ட்ல, ஜனாதிபதி பேர்ல கேட்டுக்கிற அந்த வரியில, வித்தவுட் லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்னு இருக்கு. ஆறு வருஷமா என் பீரோவுல இருக்கு. ஒரு நாள் கூட நின்னு படிச்சதில்ல. நீங்களும் எடுத்துப் பாருங்க. ஆதியில இது ரெண்டு தனிச் சொல்லு, அனுமதிக்கிறதுக்கு ஒண்ணு, தடுக்கிறதுக்கு ஒண்ணு, உச்சரிப்பும் எழுத்தும் வேற வேற, தடுக்கிற லெட்டு லேட்டுங்கிற சொல்லுக்கு சொந்தம், தாமதப்படுத்துறதுங்கிற அர்த்தத்துல. காலப்போக்குல ரெண்டும் தேஞ்சு தேஞ்சு ஒரே மூணு எழுத்தா ஆயிடுச்சு, எதிரெதிர் அர்த்தம் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்குது. டென்னிஸ்ல சர்வ் பண்ற பந்து வலையில உரசிட்டுப் போனா லெட்டுன்னு திரும்ப போடச் சொல்றாங்கல்ல, அதுவும் இந்த தடைதான். இதுல இன்னொரு கொடுமை, என் பத்திரத்துலயே மேல ஒரு இடத்துல டிமைஸ் அண்ட் லெட்னு வருது, அங்க வாடகைக்கு விடுற லெட்டு, கீழ வந்தா தடுக்கிற லெட்டு. ஒரே பேப்பர், ஒரே கையெழுத்து.

நமக்கு இது புரியும், ஏன்னா நம்ம வாயில வலி, வளி, வழி மூணும் பாதிப் பேருக்கு ஒண்ணாத்தான் வருது, சேலத்துல பழம் பளமாத்தான் இருக்கு, ஆனா எழுத்து மூணையும் பிரிச்சு வெச்சிருக்கு. பேசுற மாதிரியே எழுதணும்னு யாராச்சும் ஒரு காலத்துல ழவைத் தூக்கியிருந்தா நம்ம பத்திரமும் இப்படித்தான் ஆகியிருக்கும். நஞ்சைன்னு பத்திரத்துல வருதுல்ல, நன்செய், தண்ணி பாயுற நல்ல நிலம், அதையே புதுசா தமிழ் படிக்கிற ஒருத்தர் பாத்தா நஞ்சு, விஷத்தைன்னு படிப்பாரு. அவரு மேல தப்பு சொல்ல முடியுமா, எழுத்து அப்படியே ஒண்ணா இருக்கே. நான் இங்கிலீஷ் பத்திரத்துல பண்ணது அதேதான். அதை நினைச்சதும் எனக்கு ராத்திரி தூக்கமே வரல, இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு எத்தனை நஞ்சையை விஷம்னு எழுதிக் கொடுத்தேனோன்னு.

மறுநாள் காலையில ஐயாகிட்ட எந்த டிக்‌ஷனரி வாங்குறதுன்னு கேட்டேன். புதுசுல எல்லாம் செத்த சொல்லைக் கழிச்சுடுறாங்க, பழைய சேம்பர்ஸ் ஒண்ணு கிடைச்சா விடாதன்னாரு. அதுக்கு அப்புறம்தான் அந்தக் கடை.

கடையைப் பத்தி சொல்லணும்னா, உள்ள ஒரு ஆள் நிக்கிற அளவுதான் இடம், மீதி எல்லாம் கூரை வரைக்கும் புக்கு. பழைய பேப்பர் வாசனை, மேல ஒரு டேபிள் ஃபேன். வாசல்ல தராசு இருக்கு, பாதி சரக்கு கிலோ கணக்குலதான் வாங்குறாரு. நான் கேட்டதும் ஓனர் அண்ணன் யோசிக்கவே இல்ல, ஸ்டூல் போட்டு ஏறி மூலையில இருந்து இழுத்தாரு, கை ரெண்டும் வேணும், அவ்வளவு கனம். 600 சொன்னாரு. அட்டை பிஞ்சு தொங்குதே அண்ணான்னேன். "அக்கா, இது கிலோவுக்குப் போற புக்கு இல்லீங்க, எடுத்துட்டுப் போங்க, உங்களுக்காக 450"னாரு. சணல் கயிறு போட்டு கட்டிக் கொடுத்தாரு. பேச்சுல நேர்மை இருந்துச்சு, இது எந்த வருஷத்துது, முன்ன யாரு வெச்சிருந்தாங்கன்னு கேட்டா தெரிஞ்சதை மட்டும் சொல்றாரு, கதை விடல. குறை ஒண்ணு இருக்கு, பக்கம் எல்லாம் சரியா இருக்கான்னு அவரும் எண்ணல, நானும் எண்ணல, அதைக் கீழ சொல்றேன். பைண்டிங்குக்கு தனியா 180 ரூபா ஆச்சு, காலிகோ துணி போட்டு தைச்சுக் கொடுத்தாங்க, அதையும் சேத்து 630 ரூபான்னு கணக்கு வெச்சுக்கோங்க.

இப்ப புக்கு. 1600 பக்கத்துக்கு மேல, எழுத்து ரொம்பப் பொடிசு, நாப்பது தாண்டுனவங்க கண்ணாடி இல்லாம முயற்சி பண்ணாதீங்க, டேபிள் லேம்ப் வேணும். இந்த டிக்‌ஷனரியோட முதல் பதிப்பு 1901ல எடின்பரோவுல வந்துச்சு, அப்போல இருந்தே ஷேக்ஸ்பியர், ஸ்பென்சர், மில்டன் எழுத்துல மட்டும் வர்ற சொல்லைக் கூட விடாம வெச்சிருக்கிறது இதோட குணம். சொல்லுக்குப் பக்கத்துல ஷேக், ஸ்பென்ஸ், மில்ட்னு சுருக்கமா குறி இருக்கும், வழக்கத்துல இல்லாததுக்கு ஆப்ஸ், பழசுக்கு ஆர்ச். இந்த ஆப்ஸ், ஆர்ச் ரெண்டையும் பாத்துப் பழகிட்டா பாதி வேலை முடிஞ்சுது, உங்க பத்திரத்தோட வயசை வெச்சு எந்த அர்த்தம் பொருந்தும்னு நீங்களே சொல்லிடலாம். ஒரே எழுத்துல ரெண்டு சொல்லு இருந்தா 1, 2ன்னு நம்பர் போட்டு தனித்தனியா பிரிச்சு வெச்சிருக்கான், லெட்டுக்கு அந்த நம்பரைப் பாத்தப்ப நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு, இத்தனை நாள் ஒண்ணுன்னு நினைச்சது ரெண்டு பேரு. எப்படிப் படிக்கணும்னும் இருக்கு, சொல்லு எங்க இருந்து வந்துச்சுன்னு கடைசியில ரெண்டு வரி இருக்கு. எந்த வருஷத்துல எந்த அர்த்தம் மாறுச்சுன்னு இதுல போட மாட்டான், மேற்கோள் வாக்கியமும் கொடுக்க மாட்டான், ஒத்தை வால்யூம்ல அதை எதிர்பாக்கவும் கூடாது.

படிக்கும் முறைதான் பெரிய விஷயம், அதுல போன் டிக்‌ஷனரி கூட இதுக்கு ஈடாகாது, ஏன்னா போன்ல நீங்க அடிச்ச சொல்லு மட்டும்தான் வரும், அதையும் திருத்திட்டு வரும். இதுல தேடுற சொல்லுக்கு மேலயும் கீழயும் அதோட ஜாடையில இருக்கிறது எல்லாம் வரிசையா நிக்கும். வெதர்னு ஒண்ணு தேடப் போனேன், வானிலைக்கு ஈ ஏ, 'ஆமா இல்லையா'ங்கிறதுக்கு டபிள்யூ எச், அது ரெண்டும் தெரியும், மூணாவதா வெறும் ஈ மட்டும் போட்டு ஒரு வெதர் இருக்கு, காயடிச்ச செம்மறிக் கிடா. மந்தைக்கு முன்னாடி கழுத்துல மணி கட்டி விடுற கிடாதான் பெல்வெதர், எலக்‌ஷன் டைம்ல டிவியில பெல்வெதர் தொகுதின்னு சொல்றாங்களே அதுல வானிலைக்கு வேலையே இல்ல, மணி கட்டுன கிடா எந்தப் பக்கம் போகுதோ மந்தை அந்தப் பக்கம் போகும். எங்க சின்ன மாமனாரு வீட்டுல ஆடு மேய்க்கிறாங்க, அவங்ககிட்ட சொன்னேன், இதைப் படிக்கவா காசு கொடுத்து புக்கு வாங்குனன்னு கேக்கல, ஆமா மணி கட்டுறது காயடிச்சதுக்குத்தான், மத்தது முட்டிக்கிட்டு நிக்கும், வழி காட்டாதுன்னாங்க. டிக்‌ஷனரியில அந்தக் காரணம் இல்ல.

அஸ்தம்பட்டியில இருக்கிறதால தினமும் சென்ட்ரல் ஜெயில் பக்கம்தான் போறேன். ஜெயிலுக்கு பழைய ஸ்பெல்லிங் ஜி ஏ ஓ எல், ஏவையும் ஓவையும் இடம் மாத்திட்டா கோல், லட்சியம். பழைய கோர்ட் பேப்பர் காப்பி அடிக்கும்போது இந்த ரெண்டும் மாறி விழுறது ரொம்ப சாதாரணம். கஸின்னா சொந்தக்காரர், அதே சாயல்ல சி ஓ இசட் ஈ என் போட்டா ஏமாத்துறது. ட்ராவல் பயணம், ஈ எல்லுக்கு பதிலா ஏ ஐ எல் வந்தா பாடு, பிரசவ வலி, ரெண்டும் ஒரே வேர்தான், அந்தக் காலத்துல பயணமே படாத பாடுதானே, மலைக்கு ரோடு வர்றதுக்கு முன்னாடி ஏற்காட்டுக்கு குதிரையிலயும் டோலியிலயும் போனவங்களைக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லியிருப்பாங்க. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் வெச்சிருக்கிறவங்க வீட்டுல பிரசவ வலிக்கு இந்தச் சொல்லுதான் வரும், அதுலயே லெட்டுக்கு தடுக்கிற அர்த்தமும் வரும், ஏசாயாவுல நான் செய்வேன் யார் லெட் பண்ணுவாங்கன்னு இருக்கு, அனுமதின்னு படிச்சா கடவுளே பர்மிஷன் கேக்குற மாதிரி ஆயிடும்.

சட்டம் சம்பந்தமா வேலை பாக்குறவங்களுக்கு ரெண்டு மூணு சொல்றேன், இது காசு விஷயம். மெஸ்ன், எம் ஈ எஸ் என் ஈ. இதை மீன்னு படிக்கணும், நம்ம ஆத்து மீன் மாதிரியே. சிவில் ப்ரொசீஜர் கோடு 1908ல 2வது பிரிவு 12வது உட்பிரிவுல மெஸ்ன் ப்ராஃபிட்ஸ்னு இன்னைக்கும் உயிரோட இருக்கு, ஒருத்தர் சொத்தை இன்னொருத்தர் முறையில்லாம சுவாதீனத்துல வெச்சிருந்த இடைப்பட்ட காலத்துல அதுல வந்த, இல்ல கவனமா பாத்துக்கிட்டிருந்தா வந்திருக்கக்கூடிய வருமானம். நடுவுலங்கிற அர்த்தம்தான், மீன்ங்கிற சராசரி சொல்லுக்கு சொந்தம். புதுசா வர்ற டைப்பிஸ்ட் பொண்ணுங்க மீன்ஸ் ப்ராஃபிட்னு அடிச்சுடுவாங்க, நானே எத்தனையோ வாட்டி அடிச்சிருக்கேன், இனி மாட்டேன்.

அடுத்தது செவரலி. பேங்க் லோனுக்கு சூரிட்டி போடுறவங்க எல்லாரும் இதைக் கவனிச்சுப் படிங்க. ஜாயின்ட்லி அண்ட் செவரலின்னு இருக்கும். செவரல்னா பல, இல்லாட்டி எழுத்து ஒத்துப் போற செவியர்லி, கடுமையாங்கிறதை நினைச்சுக்கிட்டு விட்டுடுவாங்க. பழைய அர்த்தம் தனித்தனியா. அதாவது கடனைச் சேந்தும் கேக்கலாம், உங்க ஒருத்தர்கிட்டயே முழுசாவும் கேக்கலாம். மச்சான் பாதி, நான் பாதின்னு அதுல இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு தறிப்பட்டறைக்காரர் சொந்தக்காரருக்கு கையெழுத்து போட்டுட்டு முழுத் தொகைக்கும் நோட்டீஸ் வந்து என் கடைக்கு வந்தாரு, அதுல என் பேரு எங்க தனியா இருக்குன்னு கேட்டாரு. அந்த ஒரு சொல்லுலதான் இருந்துச்சு. பத்திரத்துல செவரல் பார்ஸல்ஸ்னு வந்தா பல துண்டு நிலம்னு எழுதாதீங்க, தனித்தனி துண்டுன்னு எழுதுங்க, பாகப்பிரிவினையில அது வேற இது வேற.

விட்டுடுறதுக்கு க்விட், முழுசாங்கிறதுக்கு க்வைட், அமைதிக்கு க்வயட், இந்த மூணும் ஒரே குடும்பம்னு இதுலதான் தெரிஞ்சுக்கிட்டேன், எல்லாத்துக்கும் அடியில அமைதி, விடுபட்டதுங்கிற லத்தீன் வேர். குத்தகை பத்திரத்துல க்வயட் என்ஜாய்மென்ட்னு வரும், சத்தமில்லாம சந்தோஷமா இருக்கிறது இல்ல, யாரோட இடைஞ்சலும் இல்லாம வெச்சிருக்கிறது. இதுக்கு நான் தமிழ்ல என்ன போடுறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அப்புறம் பாத்தா நம்ம பத்திர எழுத்தருங்க காலங்காலமா எழுதிக்கிட்டு வர்ற வரியே அதுதான், 'யாதொரு இடைஞ்சலும் இல்லாமல் ஆண்டு அனுபவித்து வர வேண்டியது'. என்ஜாய்க்கு அனுபவித்து, வெச்சிருக்கிறதுங்கிற ஹோல்டுக்கு ஆண்டு. பதினெட்டு வருஷமா யோசிக்காம அடிச்ச வரி அவ்வளவு கச்சிதமான வரின்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எஸ்சீட்டுங்கிறதையும் பாருங்க, வாரிசு இல்லாத சொத்து அரசாங்கத்துக்குப் போறது, நம்ம அரசியல் சட்டத்துல 296வது பிரிவுல இருக்கிற சொல்லு, அதோட தலை உதிந்து பொறந்ததுதான் சீட், ஏமாத்துறது, அந்தக் காலத்துல அந்தச் சொத்தை வசூல் பண்ண வந்த அதிகாரிங்க பண்ண வேலையால.

இப்ப அந்த விட்டுப் போன பக்கம். முழு பத்திரத்தையும் இந்த டிக்‌ஷனரியை வெச்சு முதல்ல இருந்து எழுதினேன், ரெண்டு நாள்னு சொன்னது பதினோரு நாள் ஆச்சு, கூலியை ஏத்தல. கடைசியில செக்குபந்தியில, அதாவது நாலு பக்க எல்லை சொல்ற இடத்துல வந்து மாட்டிக்கிட்டேன். ஓடைக்குக் குறுக்க இருக்கிற டபிள்யூ ஈ ஏ ஆர்ல இருந்து வடக்கேன்னு எல்லை போகுது. வேர்னா உடுத்துறது, இல்ல தேயுறது. ஓடைக்குக் குறுக்க எதை உடுத்துறது? டிக்‌ஷனரியைத் திறந்தா சரியா அந்தத் தாளே இல்ல, கிழிஞ்ச தடம் மட்டும் தையல்ல ஒட்டிக்கிட்டிருக்கு. அன்னைக்கு கடைக்காரர் மேல கோவம் வந்துச்சு, இவ்வளவு விலை சொன்னவரு ஒரு தடவை புரட்டிப் பாத்திருக்கலாம்.

அந்த இடத்தைக் காலியா விட்டு மத்ததை எடுத்துக்கிட்டு ஏற்காடு போனேன், இருபது கொண்டை ஊசி ஏறி, ஆயா வீட்டுத் திண்ணையில உக்காந்து நானே வாசிச்சுக் காட்டினேன். காலி விட்ட இடம் வந்ததும் நிறுத்துனேன்.

"என்ன கண்ணு, நின்னுட்ட?"

"இங்க ஒரு சொல்லு புரியலைங்க ஆயா. வேர்னு இருக்கு. ஓடைக்குக் குறுக்க ஏதோ வேர்."

"என்ன மரத்து வேரு? அங்க மரமே கிடையாதே. ஓடையில பழைய கல்லுக்கட்டு ஒண்ணுதான் இருக்கு, எங்க மாமனாரு காலத்துக்கு முன்னாடியே கட்டுனது, தண்ணியை நிறுத்தி காப்பிப் பழம் கழுவ விடுவாங்க."

வீட்டுக்கு வந்து ஈ ஐ போட்டு வெய்ர்ங்கிற சொல்லைத் தேடினேன், அது ரெண்டு மூணு தாள் தள்ளி பத்திரமா இருந்துச்சு, ஆத்துக்குக் குறுக்க கட்டுற தடுப்பு. டபிள்யூ ஈ ஐ ஆர். பழைய எழுத்துல அதையே ஈ ஏ போட்டும் எழுதியிருக்காங்க. 'ஓடையின் குறுக்கே உள்ள கல்கட்டிலிருந்து வடக்கே'ன்னு அடிச்சு முடிச்சேன். வக்கீல் ஐயா ஒரு திருத்தமும் போடல. ஆயா கண்ணாடி போட்டு, விரலை வரிக்கு வரி வெச்சு, முழுசையும் தானே படிச்சாங்க, சாயங்காலம் ஆயிடுச்சு, அப்புறம்தான் சரின்னாங்க.

மொத்தத்துல டிக்‌ஷனரிக்கு அஞ்சுக்கு அஞ்சு. கடைக்கு நாலு, அந்த ஒரு தாளுக்காக ஒண்ணு குறைக்கிறேன். நீங்க போனா வாங்குறதுக்கு முன்னாடி அங்கயே நின்னு பக்க நம்பரைப் புரட்டிப் பாத்துடுங்க, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஸ்டூல் கொடுப்பாரு. ஞாயித்துக்கிழமை காலையில திறப்பாரு, திங்கள் பூட்டு. கார்டு எல்லாம் வேண்டாம், காசு, இல்ல ஜிபே.

தாள் இல்லைன்னு போய்ச் சொன்னப்ப அவரு சால்ஜாப்பு சொல்லல, குடோன்ல இதே எடிஷன் ஒண்ணு கரையான் அரிச்சது கிடக்கு, பாத்து எடுத்து வெக்கிறேன்னாரு. ரெண்டு வாரம் கழிச்சு போன் பண்ணிக் கூப்பிட்டு அந்த ஒத்தைத் தாளை நியூஸ்பேப்பர்ல மடிச்சுக் கொடுத்தாரு, காசு வாங்கல. மைதா பசை காய்ச்சி நானே ஒட்டிட்டேன். ஓரத்துல கரையான் தின்ன இடத்தை வெட்டி எடுத்ததால மத்த தாளை விட அரை இஞ்சு சின்னதா இருக்கு, கடைசிப் பக்கத்துல இருந்து புரட்டினா விரலு நேரா அங்க போய் நிக்குது.